அக்கா பார்த்த மீன்

தொட்டியக்கா என்றால் அந்தக் கடைத்தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பாள். தம்பியின் கலர் மீன் கடையில் இருபத்திரண்டு வருஷமாகத் தொட்டி கழுவுகிறாள். அதனால் தொட்டியக்கா.

தொட்டி கழுவுவது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். பாசி பிடித்த கண்ணாடியை ஸ்பாஞ்சால் தேய்ப்பதற்குப் பத்து நாள் பழகினால் போதும்தான். ஆனால் தேய்க்கிற நேரத்தில் உள்ளே இருக்கிற மீனைப் பார்க்கத் தெரிய வேண்டுமே, அது எத்தனை பேருக்கு வரும்? மீன் கத்தாது, இருமாது, தலை வலிக்கிறது என்று முனகாது. வாயை மூடிக்கொண்டே செத்துப்போகிற ஜாதி. அது சாவதற்கு நாலு நாள் முன்னாலேயே "இதுக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண் தொட்டியக்காவுக்கு இருந்தது. அதைத் தவிர அவளிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி வேறு சொத்து எதுவும் இல்லை.

அவள் பார்க்கிற விதமே தனி. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் அசையாமல் நிற்பாள். ஆள் அசைந்தால் தீனி வருகிறது என்று மீன் ஓடி வந்து நன்றாக இருப்பது போல நடிக்கும் என்பாள். கூட்டத்தோடு சேராமல் ஃபில்டர் பக்கம் ஒதுங்கி நிற்பது எது என்று முதலில் பார்ப்பாள். அப்புறம் துடுப்பு. நல்ல மீன் துடுப்பை விரித்து வைத்திருக்கும், முடியாத மீன் குடையை மடக்குவது போல மடக்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். செவுள் மூடித் திறக்கிற வேகத்தைத் தன் மூச்சோடு சேர்த்து எண்ணுவாள். கல்லில் போய் விலாவை உரசுகிறதா, மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவிக்கிறதா, கழிவு வெள்ளை நூலாகத் தொங்குகிறதா? ஸ்டூல் போட்டு ஏறி மேலேயிருந்தும் ஒரு தடவை பார்ப்பாள். செதில் சிலிர்த்துக்கொண்டு நின்றால் அங்கேயிருந்துதான் தெரியும். டார்ச் மட்டும் அடிக்கவே மாட்டாள். டார்ச் அடித்தால் மீன் பயந்து வெளுத்துப்போகும், அப்புறம் எது நோய் வெளுப்பு, எது பயந்த வெளுப்பு என்று யார் சொல்வது என்பது அவள் கட்சி. டார்ச் வைத்துப் பார்க்கிற மற்றக் கடைக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் உதட்டைப் பிதுக்குவாள். அந்தத் திமிர்தான் பின்னால் அவளைக் கவிழ்த்தது. வருகிறேன் அதற்கு.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிறவர். "எனக்குக் காய்ச்சல் வந்தா மூணாம் நாள்தான் கண்டுபிடிப்பா. எனக்கும் ஒரு வால் இருந்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அவளுக்கு அதில் பெருமைதான்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது, அவளே ஏற்படுத்தியது. புதிதாக வந்து இறங்கும் மீன் எதுவும் நேரே முன்கடைக்குப் போகாது. பின்னறையில் எட்டுத் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனி வலை, தனி வாளி. வந்த மீன் அங்கே இருபத்தொரு நாள் இருக்க வேண்டும். அதுவரை தொட்டியின் விளிம்பில் துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றைக் குத்தி வைத்திருப்பாள். கிளிப் இருக்கிறவரை அந்த மீன் விற்பனைக்கு இல்லை, முதலாளியான தம்பியே கேட்டாலும் இல்லை.

இருபத்தொரு நாள் கணக்குக்குக் காரணம் உண்டு. வெள்ளைப் புள்ளி என்று ஒரு நோய். உப்பைத் தூவிவிட்டது போல மீன் உடம்பெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளி வரும். சில நாளில் உதிர்ந்துவிடும். மீன் பளிச்சென்று ஆகிவிடும். வைத்திருப்பவன் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவான். உதிர்ந்தது எங்கேயும் போயிருக்காது. கல்லுக்கடியில் கிடந்து ஒன்று நூறாகப் பெருகி மறுபடி மீன் மேல் ஏறும், இரண்டாவது சுற்றில் தொட்டியே காலியாகும். அதனால் அந்தச் சுற்றெல்லாம் போய் ஒன்றுமில்லை என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளிப்பைக் கழற்றுவாள். "இது அக்கா பாத்த மீனுங்க" என்று தம்பி ஒரு வார்த்தை சொன்னால் வாங்க வந்தவர்கள் அதற்கு மேல் வாய் திறப்பதில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் பின்னறையில் வாளியும் கையுமாக நிற்கிறவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

தம்பி அவளுக்கு ஆறு வயது இளையவன். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சோறு ஊட்டினவள் அவள்தான். அவனை யாராவது ஒரு சொல் சொன்னால் மல்லுக்கு நிற்பாள். "உன் தம்பி கொஞ்சம் காரியக்காரன்" என்று ஒரு தடவை வாயை விட்ட வீட்டுக்காரர், இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

போன வருஷம் தம்பி கடையில் விளக்கு மாற்றினான். வெள்ளை ட்யூப் எல்லாம் போய், சிவப்பு ட்யூப் வந்தது. முன்கடையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தங்கமீனும், பேரட் என்கிற அந்தக் குண்டுச் சிவப்பு மீனும் தணல் மாதிரி தெரிந்தன. கொஞ்ச நாள் கழித்துப் பின்னறையிலும் அதையே மாட்டினான்.

"இங்க எதுக்குடா? இங்க யாரு பாக்க வர்றா?"

"நெறம் ஏறும்க்கா. மூணு வாரம் இந்த வெளிச்சத்துல இருந்தா நல்லா செவக்கும்."

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. அந்த வெளிச்சம்தான் வெளிச்சம். சரி, தம்பி சொல்கிறான், காரணம் இல்லாமலா இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள், கிளிப் போட்ட தொட்டியில் ஒரு பேரட் மீன் கல்லில் போய் விலாவைத் தேய்த்துவிட்டுத் திரும்புவதைப் பார்த்தாள். மனசுக்குள் சுருக்கென்றது. தம்பியைக் கூப்பிட்டாள்.

"இது ஒரசுதுடா."

"புள்ளி இருக்கா பாரு."

இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், ஸ்டூலில் ஏறியும் பார்த்தாள். டார்ச்சை மட்டும் வழக்கம்போலத் தொடவில்லை. "புள்ளி தெரியலையே."

"அப்புறம் என்னக்கா? புதுத் தண்ணி ஒத்துக்கல போல. சரியாப் போயிடும்."

மறுநாள் வந்து பார்த்தால் உரசல் நின்றிருந்தது. நாள் கணக்கு முடிந்ததும் கிளிப்பை அவளேதான் கழற்றினாள்.

ஒரு மாதத்துக்குள் முதல் புகார் வந்தது. மருந்துக்கடைக்காரர் வீட்டுத் தொட்டியில் ஆறு மீனும் போய்விட்டன. அப்புறம் ஒரு டீச்சர் வந்து, கோபப்படக்கூடத் தெரியாமல், செத்த மீனைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார். உடம்பெல்லாம் புள்ளி. தொட்டியக்கா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாய் நின்றாள். இது எப்படி என் கண்ணில் படாமல் போச்சு?

தம்பி கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தவில்லை. டீ வாங்கி வந்து கையில் கொடுத்து, எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கோவிச்சுக்காதக்கா. உனக்குக் கண்ணு லேசா மங்குதோ?"

"நல்லாத்தானே தெரியுது."

"அப்படித்தான் இருக்கும். நமக்கே தெரியாது. உனக்கும் அம்பதாகப் போகுதுல்ல? யாருக்கும் வர்றதுதான்."

மறுநாள் ஒரு கண்ணாடி வாங்கி வந்து அவனே அவள் மூக்கில் மாட்டிவிட்டான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்கொள்ளாது என்று வீட்டில் போய்ச் சொன்னாள். மாட்டிக்கொண்டு நடந்தால் தரை பள்ளமாகத் தெரிந்தது, கால் தடுமாறியது. பழகப் பழகச் சரியாகும் என்று தம்பி சொல்லியிருந்தான்.

ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு நிம்மதி போய்விட்டது. இரண்டாவது மாடி வீட்டு ஜன்னலில் நின்று தெருவில் போகும் பஸ் நம்பரைப் படித்துப் பார்ப்பாள். ஊசியில் நூல் கோத்துப் பார்ப்பாள். வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்:

"பஸ்ஸு மொனை திரும்பறதுக்குள்ள நம்பரைச் சொல்லிடுற. எனக்கு பஸ்ஸே இன்னும் தெரியல. இதுல உனக்குக் கண்ணு போச்சாம்."

"உங்களுக்கு என்ன தெரியும்? மீனு பாக்கறது வேற."

அவர் அதோடு விட்டுவிட்டார். மீன் விஷயத்தில் அவர் எப்போது வாயைத் திறந்து ஜெயித்திருக்கிறார்?

மூன்று மாதம் முன்னால் தையல்காரர் வீட்டு இழவு நடந்தது. இழவு என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர் அவர், தனி ஆள். கடைக்குள் ஒரு பெரிய தொட்டி, அதில் ஆஸ்கர் என்கிற ஜாதியில் ஒரே ஒரு மீன், பன்னிரண்டு வயது, கை நீளம். தொட்டியக்கா குட்டியாகக் கொடுத்தது. துணி கொடுக்க வருகிறவர்களைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு முறைத்துப் பார்க்கும், அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர். தையல்காரர் கையில் தீனியை வைத்து நீட்டினால் நாய்க்குட்டி மாதிரி வந்து எடுத்துக்கொள்ளும். வயதான காலத்தில் துணைக்கு ஆள் வேண்டும் என்று, தனக்கா மீனுக்கா என்று சொல்லாமல், இரண்டு பேரட் மீன் கேட்டார். கிளிப் கழற்றிய தொட்டியிலிருந்து தொட்டியக்காவே பிடித்து, கடை சாத்தின பிறகு இருட்டில் மூடின வாளியில் கொண்டுபோய் விட்டாள்.

பத்தாம் நாள் மேனேஜர் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. செவுளுக்குள் எல்லாம் நோய் ஏறிவிட்டது. அவள் ஹீட்டரை ஏற்றினாள், மருந்து விட்டாள், இரண்டு நாள் தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். துணைக்கு விட்ட இரண்டும் முதலில் போயின. மூன்றாம் நாள் மத்தியானம் மேனேஜரும் பக்கவாட்டில் சாய்ந்தது. தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டபடி நின்றுகொண்டிருந்தார். 

"என் கண்ணு ஏமாத்திடுச்சுய்யா. நாந்தான் பாத்தேன். நாந்தான் எடுத்துட்டு வந்தேன். என்ன மன்னிச்சிடுங்க."

அவர் பதில் சொல்லவில்லை. தெருவில் நின்று அவள் அழுத அழுகைக்குத் தம்பிதான் ஓடி வந்து தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனான்.

அதன் பிறகு தம்பி அவளைப் பெரும்பாலும் வெளிவேலைக்கே அனுப்பினான். பின்னறைக்குக் காலையில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றான். "கிளிப் மட்டும் நீயே கழட்டுக்கா. உன் கைதான் ராசி." அவளும் கழற்றிக்கொண்டுதான் இருந்தாள். தன் கண்ணை நம்பாமல், அதை நம்பி இன்னும் வேலை கொடுக்கிற தம்பியை நினைத்து உருகிக்கொண்டே கழற்றினாள். அட கடவுளே, என்ன ஒரு உருக்கம்.

வாரம் ஒரு நாள் அவள் போகிற வெளிவேலைகளில் கண் ஆஸ்பத்திரி ஒன்று. அங்கே காத்திருக்கும் கூடத்தில் சுவரோடு ஒரு தொட்டி உண்டு. கண்ணாடிக்குப் பவர் பார்க்கிற பெண், முப்பது வயதிருக்கும், இவளோடு நல்ல பழக்கம். இவள் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையைக் காலால் தடவித் தடவி நடப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, கழட்டிக் குடுங்க அத" என்று வாங்கித் தன் மெஷினில் வைத்துப் பார்த்தாள்.

"யாரு எழுதிக் குடுத்தா இத?"

"என் தம்பி வாங்கிக் குடுத்தான்."

"கிட்ட வெச்சுப் படிக்கறதுக்கு விக்கிற ரெடிமேட் கண்ணாடி. நடக்கும்போது எல்லாம் போடக்கூடாது. வாங்க, உக்காருங்க."

இருட்டறையில் உட்கார வைத்து எழுத்து படிக்கச் சொன்னாள். தொட்டியக்கா கடைசி வரி வரை படித்தாள். அதற்குக் கீழே அச்சடித்த கம்பெனி பெயரையும் படித்தாள். பெண் சிரித்துவிட்டாள்.

"ரொம்பக் கிட்ட படிக்கறதுக்கு மட்டும் லேசா ஒரு பவர் வேணும். மத்தபடி எனக்கு உங்க கண்ணு இருந்தா போதும்க்கா."

"நல்லாப் பாரும்மா. புள்ளி தெரிய மாட்டேங்குது எனக்கு. உப்பு அளவுல இருக்கும்."

அவள் சொன்ன விதத்தில் அந்தப் பெண்ணுக்கே பாவமாகப் போய்விட்டது. "சரி, ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யுதான்னு ஒண்ணு பாத்துடலாம்" என்று வேறொரு பிரேமை மாட்டினாள். அதில் ஒரு கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடி, ஒரு கண்ணுக்குப் பச்சை. எதிரே வெள்ளை அட்டையில் சிவப்பில் சில கோடுகள், பச்சையில் சில.

"பச்சைக் கண்ண மூடுங்க. என்ன தெரியுது?"

"பச்சைக் கோடு மட்டும் கறுப்பாத் தெரியுது. செவப்பெல்லாம் எங்கம்மா போச்சு?"

"போகலக்கா, அங்கயேதான் இருக்கு. செவப்பு வெளிச்சத்துல பாத்தா செவப்பும் வெள்ளையும் ஒண்ணாயிடும். எந்தக் கண்ணா இருந்தாலும் பிரிச்சுப் பாக்க முடியாது. அதுக்குத்தான் இந்த டெஸ்டே..."

அவள் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டியக்கா பிரேமைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். வாளியையும் ஸ்பாஞ்சையும் அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். சிவப்பு மீன், வெள்ளைப் புள்ளி, சிவப்பு ட்யூப்.  தம்பிக்கே இது தெரியாமல் இருக்கும், பாவம், நிறம் ஏறட்டும் என்றுதானே போட்டான் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் சும்மாவா, அப்படித்தானே நினைக்கத் தோன்றும்?

கடையில் தம்பி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் நேரே பின்னறைக்குப் போனாள். காலையில்தான் ஒரு தொட்டியில் கிளிப்பைக் கழற்றியிருந்தாள். அதிலிருந்து இரண்டு பேரட் மீனைப் பிடித்துப் பாலிதீன் பையில் தண்ணீரோடு போட்டு, வாயை முறுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். நல்ல வெயில். பையைத் தூக்கிப் பிடித்தாள்.

வால் ஓரத்தில், துடுப்பில், செவுள் மூடியின் மேல், உப்பைத் தூவினது போல. எண்ணலாம் ஒவ்வொன்றாக. ஒரு கண்ணாடியும் வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, நடுத்தெருவுல நின்னு என்ன பண்ற? உள்ள வா."

"டேய், இங்க வந்து பாரு. அந்த வெளிச்சத்துல புள்ளி தெரியலடா. வெளக்குதான்டா கோளாறு. உடனே மாத்தணும்."

தம்பி பையைப் பார்க்கவே இல்லை. தெருவில் யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. நீ கண்ணாடிய எங்க விட்ட? போட்டுக்கிட்டுப் பாரு."

"கண்ணு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் வர்றேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நோய்ப்பட்ட மீனை நாலு நாள் முன்னாலேயே கண்டுபிடிக்கிறவளுக்கு, கூடவே வளர்ந்தவன் முகத்தில் இருந்ததைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

அவன் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். முதலில் பூசி மெழுகப் பார்த்தான். அப்புறம் அலுப்போடு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"உன் கண்ணு நல்லாத்தான்க்கா இருக்கு. அதான் பிரச்சனையே. முன்கடைக்கு நெறத்துக்குத்தான் போட்டேன், சத்தியமா. அப்ப வந்த மீனுல புள்ளி இருந்துச்சு. முன்கடைத் தொட்டியில விட்டுப் பாத்தேன், அந்த வெளிச்சத்துல புள்ளி கண்ணுக்கே தெரியல. சரி, பின்னாடியும் மாட்டிப் பாப்போம்னு மாட்டினேன். நீ வந்து பாத்துட்டு புள்ளி தெரியலன்ன. அதுதான் நடந்தது."

"ஒரசினது?"

"நீ போனதுக்கப்புறம் மருந்து விட்டேன். அடங்கிடுச்சு. அக்கா, எந்தக் கடையில இருபத்தொரு நாள் வெச்சிருக்கான்? வந்த அன்னிக்கே விக்கிறான். உனக்காக நான் எட்டுத் தொட்டிய முடக்கிப் போட்டு உக்காந்திருக்கேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா. முடியலக்கா, இனிமே நீ பாக்க வேணாம்னு. சண்டை போட்டிருப்பேன். கோவிச்சுக்கிட்டு வீட்டுல இருந்திருப்பேன்."

"நீ வீட்டுல இருந்தா கடைக்கு யாரு வருவா? அக்கா பாத்த மீனுன்னுதானே வாங்குறாங்க."

"அப்ப என் பேரு வேணும் உனக்கு. கண்ணு வேணாம்."

  கண்ணில் மண்ணைத் தூவுவது என்பார்கள். இவன் மண்ணையும் தூவிவிட்டு, உனக்குப் பார்வை சரியில்லை என்று அவளையே நம்பவைத்து, மேலே ஒரு கண்ணாடியையும் மாட்டி அனுப்பியிருக்கிறான்.

"மேனேஜர் செத்த அன்னிக்கு நான் தெருவுல நின்னு அழுதேன். நீதானேடா தோள்ல கை போட்டுக் கூட்டிட்டு வந்த?"

"அழாதக்கான்னுதானே சொன்னேன்," என்றான் தம்பி. அதில் என்ன தப்பு என்று கேட்கிறவன் மாதிரி இருந்தது அவன் குரல்.

அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை. மீன் பையை வாளிக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வேறு யாரிடம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தையல்காரரிடம் சொல்லியாக வேண்டும். அவர் தொட்டி முன்னால் நின்று நாந்தான் நாந்தான் என்று சொன்னாளே, அதைத் திரும்ப வாங்கியாக வேண்டும். பக்கத்துத் தெருதான், பத்து நிமிஷ நடை. எப்படி ஆரம்பிப்பது, எதை முதலில் சொல்வது என்று வாய்க்குள் பேசிக்கொண்டே போனாள்.

தையல்காரர் மெஷினில் ஒரு பேன்ட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் மிதிப்பதை நிறுத்தி, வெட்டின துணியை எல்லாம் ஒதுக்கி, பெஞ்சில் இடம் பண்ணினார். "வாம்மா. உக்காரு. தண்ணி குடி முதல்ல."

அவள் உட்காரவில்லை. தொட்டி காலியாக இருக்கும் என்று நினைத்து வந்தவள், அதில் இரண்டு பேரட் மீன் நீந்துவதைப் பார்த்துவிட்டாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"போன வாரம். தம்பி கொண்டுவந்து விட்டார். காசு வேணாம்னுட்டார். தங்கமான மனுஷன்."

ஜன்னல் வெளிச்சம் நேரே தொட்டியில் விழுந்தது. ஒன்று துடுப்பை மடக்கிக்கொண்டு ஃபில்டர் பக்கம் நின்றது. இன்னொன்று கீழே போய்க் கல்லில் விலாவை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு மேலே வந்தது. வால் நுனியில் ஐந்து புள்ளி.

"அய்யா, இந்த ரெண்டுக்கும் நோய் இருக்கு. வால்ல பாருங்க, வெள்ளையா. அன்னிக்கும் இதேதான். என் கண்ணுல கோளாறு இல்லய்யா. பின்னறையில செவப்பு வெளக்கு போட்டு மறைச்சுட்டான். தெரிஞ்சே பண்ணியிருக்கான். என் தம்பிதான்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள். தையல்காரர் எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு தொட்டியைக் குனிந்து பார்த்தார். மரியாதைக்குப் பார்த்த மாதிரி இருந்தது.

"காத்துக் குமிழா இருக்கும்மா. ஒட்டிக்கிட்டிருக்கும்."

"குமிழ் இல்லய்யா. எனக்குத் தெரியாதா?"

"தம்பி இப்பத்தான் போன் பண்ணார்," என்றார் தையல்காரர், குரலைத் தணித்துக்கொண்டு. "அக்கா வந்தாலும் வருவா, ஏதாவது சொல்லுவா, பதிலுக்கு எதுவும் பேசிடாதீங்க, கண்ணு போனதுலேர்ந்து மனசும் ஒரு நிலையில இல்லன்னு சொன்னார். சொல்லும்போது அவருக்கே தொண்டை அடைச்சுப் போச்சு. கூடப் பொறந்தவர் இல்லையா."

பத்து நிமிஷம்தான் அவள் நடந்து வந்தது. அந்தப் பத்து நிமிஷம் அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. அன்னிக்கு நான் ஒரு வார்த்தை பேசாம நின்னேன், அதான் உன்ன இந்த அளவுக்குக் கொண்டுவந்துடுச்சு போல. தப்பு என்னோடதுதான். நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். நீ இத மனசுல வெச்சுக்காத."

அவர் மனசாரத்தான் சொன்னார். சொல்லும்போது கண்கூடக் கலங்கியிருந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மாதம் முன்னால் இதே இடத்தில் அவள் கை கூப்பிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு மன்னிப்பு வேணாம்யா," என்றாள் தொட்டியக்கா. "நான் தப்பே பண்ணல."

"சரிம்மா," என்றார் அவர். "சரி. நீ ஒண்ணும் பண்ணல. உக்காரு, தம்பிய வரச் சொல்லியிருக்கேன், வந்து கூட்டிட்டுப் போவாரு."